ஆர்-ல மாவட்ட மேப் போடுறது எப்படி: எல்லை ஃபைல்ல இருந்து பிரிண்ட் வரைக்கும் முழு வழிகாட்டி

ஆர்ங்கிற ப்ரோகிராமிங் மொழியில, படம் வரையிற ஜிஜிபிளாட்2 பேக்கேஜ்ல ஒரு மேப் வரையிறதுக்கு நாலஞ்சு வரி ஸ்கிரிப்ட் போதும். புதுசா கத்துக்க வர்றவங்க அந்த நாலு வரியில மாட்டுறதில்ல, அதுக்கு முன்னாடி எல்லையையும் டேட்டாவையும் ஒட்டுற இடத்துல தான் மாட்டுறாங்க. அதுவும் எரர் வந்து நின்னா பரவாயில்ல, தேடி சரி பண்ணிடலாம். எரரே வராம தப்பான மேப் ஒண்ணு பளிச்சுனு வந்து நிக்கும், அது தான் பயம். அதனால வரையிற வேலையை பின்னாடி தள்ளிட்டு ஒட்டுற வேலைக்கு தான் இதுல நிறைய இடம் கொடுத்திருக்கேன்.

உதாரணத்துக்கு தமிழ்நாட்டோட 2011 மக்கள்தொகை கணக்கெடுப்புல இருந்து மாவட்ட வாரியா எழுத்தறிவு விகிதத்தை எடுத்துக்கலாம். 2021-ல நடக்க வேண்டிய கணக்கெடுப்பு அப்ப நடக்காததால இன்னும் நிறைய பேரு கையில இருக்கிறது இந்த 2011 டேட்டா தான்.

ஒரு விஷயம், கமாண்ட் பேரு, காலம் (டேபிள்ல மேல இருந்து கீழ போற பத்தி) பேரு எல்லாத்தையும் வாயில சொல்ற மாதிரியே தமிழ்ல எழுதியிருக்கேன், டைப் பண்றப்ப இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக்கங்க.

1. உக்காரதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

ஆர், ஆர்ஸ்டூடியோ ரெண்டும் இன்ஸ்டால் ஆகியிருக்கணும். பேக்கேஜ்ல எஸ்எஃப் (எல்லையை படிக்க), ஜிஜிபிளாட்2 (வரைய), டிப்ளையர் (டேபிளை ஃபில்டர் பண்ண, ஒட்ட), ரீடெக்செல் (எக்செல் படிக்க) இந்த நாலு கட்டாயம். பின்னாடி ஆர்மேப்ஷேப்பரும் ராகும் தேவைப்படும். விண்டோஸ்ல எஸ்எஃப் நேரா இறங்கிடும். லினக்ஸ்ல ஜிடால், ஜியோஸ், ப்ராஜ் இந்த மூணு லைப்ரரியும் சிஸ்டத்துல முதல்ல இருக்கணும், இல்லாட்டி பத்து நிமிஷம் ஓடிட்டு கடைசியில சிவப்பு எழுத்துல நிக்கும்.

ஆர்ஸ்டூடியோல ஒரு ப்ராஜெக்ட் ஓபன் பண்ணி, அந்த ஃபோல்டருக்குள்ள எல்லை ஃபைலுக்கு ஒரு ஃபோல்டர், டேட்டாவுக்கு ஒரு ஃபோல்டர்னு போட்டுக்கங்க. டெஸ்க்டாப்ல இருந்து நீளமான பாத் காப்பி பண்ணி ஒட்டாதீங்க, விண்டோஸ் பாத்ல வர்ற பின்சாய்வு கோட்டை ஆர் வேற மாதிரி புரிஞ்சுக்கும், உடனே எரர். அதுவுமில்லாம நாளைக்கு அந்த ஃபோல்டரை இன்னொருத்தருக்கு கொடுத்தா அவங்க மெஷின்ல ஒண்ணுமே ஓடாது.

எல்லை ஃபைல் ஷேப்ஃபைலா (மேப் உருவத்தை சேமிக்கிற ஒரு ஃபைல் வகை) இருந்தா அது ஒரே ஃபைல் இல்லைங்கிறதை ஞாபகம் வெச்சுக்கங்க. எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜேன்னு நாலும் ஒரே பேருல ஒரே இடத்துல இருக்கணும். முதல் நாள் கிளாஸ்ல பாதி பேரு எஸ்எச்பி-ய மட்டும் பென் டிரைவ்ல எடுத்துட்டு வருவாங்க. உருவம் மட்டும் தான் அதுல இருக்கு, மாவட்டத்தோட பேரு டிபிஎஃப்-ல இருக்கு, எந்த அளவு முறையில வரைஞ்சதுங்கிறது பிஆர்ஜே-ல இருக்கு. கிடைச்சா ஜியோபேக்கேஜ் ஃபார்மட்ல வாங்கிக்கங்க, ஒரே ஃபைல்ல முடிஞ்சிடும். ஷேப்ஃபைல்ல காலம் பேரு பத்து எழுத்துக்கு மேல போகாது, நீளமா வெச்ச பேரெல்லாம் பாதியில வெட்டுப்பட்டு வரும், அதைப் பாத்து ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நினைக்க வேண்டாம்.

2. எல்லை எந்த வருஷத்துதுன்னு முதல்லயே முடிவு பண்ணுங்க

இந்த ஸ்டெப்பை யாரும் ஒரு ஸ்டெப்பாவே நினைக்கிறதில்ல, ஆனா தப்பு இங்க தான் ஆரம்பிக்குது.

2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டம். இன்னைக்கு 38. தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு அஞ்சும் 2019-ல வந்தது, மயிலாடுதுறை 2020-ல. இன்னைக்கு நெட்ல தேடினா முதல்ல கிடைக்கிற எல்லை ஃபைல் பெரும்பாலும் 38 மாவட்டத்தோட இருக்கும். அதுல 2011 டேட்டாவை ஒட்டினா ஆறு மாவட்டம் சாம்பல் கலர்ல வெத்தா நிக்கும்.

அதைப் பாத்ததும் எல்லாரும் செய்யற காரியம் என்னன்னா, திருநெல்வேலியோட விகிதத்தை தென்காசிக்கும் போட்டு ரொப்பிடுறது. தயவு செஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. 2011-ல திருநெல்வேலிக்குன்னு வந்த நம்பர் பழைய முழு மாவட்டத்துக்கான நம்பர், அதுல தென்காசி பக்கம் எவ்வளவு, இந்தப் பக்கம் எவ்வளவுன்னு பிரிக்காம ரெண்டுக்கும் ஒரே நம்பர் கொடுத்தா நீங்க டேட்டாவை உருவாக்குறீங்க. இன்னொண்ணு, அப்படி ரொப்பின மேப்ல மீதி இருக்கிற புது திருநெல்வேலியும் தப்பு தான், ஏன்னா அதுல இருக்கிறது பழைய நம்பர். சாம்பல் கலர்ல இல்லாததால அது யார் கண்ணுக்கும் படாது.

சரியான வழி, 2011 டேட்டாவுக்கு 2011 எல்லை. பழைய எல்லை கிடைக்கலைன்னா 38-ஐ 32-ஆ சேக்கலாம். எல்லை டேபிள்ல பழைய மாவட்டம்னு ஒரு காலம் போட்டு, தென்காசிக்கு திருநெல்வேலி, கள்ளக்குறிச்சிக்கு விழுப்புரம், திருப்பத்தூருக்கும் ராணிப்பேட்டைக்கும் வேலூர், செங்கல்பட்டுக்கு காஞ்சிபுரம், மயிலாடுதுறைக்கு நாகப்பட்டினம்னு எழுதி, அந்த காலத்தை வெச்சு குரூப் பை பண்ணி சம்மரைஸ் போட்டா எஸ்எஃப் உருவத்தையும் சேத்தே ஒண்ணாக்கிடும். ஆனா சென்னை மட்டும் இதுல சரியா வராது. சென்னை மாவட்டம் 2018-ல 175 சதுர கிலோமீட்டர்ல இருந்து 426-க்கு பெருசாச்சு, அந்த இடமெல்லாம் திருவள்ளூர்லயும் காஞ்சிபுரத்துலயும் இருந்து வந்தது. மாவட்டங்களை சேத்தா மட்டும் பழைய சென்னை கிடைக்காது, தாலுகா எல்லையில இருந்து தான் கட்டணும். மாநில அளவுல சின்ன சைஸ்ல போடுற மேப்னா அதை ஒரு குறிப்பா கீழ எழுதிட்டு போகலாம், சென்னையைப் பத்தியே பேசுற மேப்னா போக முடியாது.

ரெண்டு கணக்கெடுப்பை ஒப்பிடுறவங்களுக்கும் இதே பாடு தான். 2001-ல 30 மாவட்டம் தான், திருப்பூர் 2009-ல கோயம்புத்தூர், ஈரோட்டுல இருந்து பிரிஞ்சது, கிருஷ்ணகிரி 2004-ல தர்மபுரியில இருந்து பிரிஞ்சது.

முழு இந்திய மேப் போடுறவங்க எல்லையை இந்திய சர்வே துறையில இருந்தே எடுங்க. வெளிநாட்டு தளங்கள்ல கிடைக்கிற ஃபைல்ல ஜம்மு காஷ்மீர் பக்கம் எல்லை வேற மாதிரி இருக்கும், சர்வே துறை மேப்போட ஒத்துப் போகாத இந்திய மேப்பை வெளியிடுறது 1961 சட்டப்படி குற்றம்.

3. எல்லையை மட்டும் உள்ள கொண்டு வந்து வெறுமனே ஒரு தடவை வரைங்க

டேட்டாவை இன்னும் தொடாதீங்க. எஸ்டி ரீட் போட்டு எல்லையை படிங்க, கன்சோல்ல பேரை மட்டும் அடிச்சு என்டர் தட்டுங்க. முதல் வரியிலயே எத்தனை ஃபீச்சர்னு, அதாவது எத்தனை உருவம்னு சொல்லும். 32 வரணும். 33 வந்தா ஏதோ ஒரு மாவட்டம் ரெண்டு வரியா உடைஞ்சிருக்கு, இல்ல பக்கத்துல இருந்து ஏதோ ஒண்ணு கூட வந்திருக்கு.

அப்புறம் ஜிஜிபிளாட்ல ஜியோம் எஸ்எஃப் மட்டும் போட்டு வெறும் கோடா வரைஞ்சு பாருங்க. நாகப்பட்டினம் பக்கம் கடலோரத்துல ஒரு துண்டு காலியா தெரியும். அது காரைக்கால், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தை சேந்தது. ஃபைல் கெட்டுப் போகல, டேட்டாவும் விட்டுப் போகல. 2011 நாகப்பட்டினம் மாவட்டமே காரைக்காலுக்கு வடக்க ஒரு துண்டு, தெற்க ஒரு துண்டுன்னு ரெண்டா தான் இருந்துச்சு. இதை இப்பவே கண்ணுல வாங்கிக்கங்க, பேரு எழுதுற இடத்துல இது திரும்ப வரும்.

அடுத்து சிஆர்எஸ், அதாவது எல்லையை எந்த அளவு முறையில குறிச்சிருக்காங்கங்கிறது. எஸ்டி சிஆர்எஸ் போட்டு பாருங்க. பெரும்பாலும் 4326-ன்னு இருக்கும், அட்சரேகை தீர்க்கரேகை டிகிரியில. மாவட்டத்துக்கு கலர் அடிக்கிறதுக்கு அதுவே போதும். பரப்பளவு, தூரம், இத்தனை கிலோமீட்டர் சுத்துவட்டம்னு எதாவது கணக்கு போடணும்னா மீட்டர்ல இருக்கிற முறைக்கு மாத்திக்கங்க, தமிழ்நாட்டோட பெரும்பகுதிக்கு 32644 சரியா வரும்.

மாத்துறதுக்கு எஸ்டி டிரான்ஸ்ஃபார்ம். எஸ்டி செட் சிஆர்எஸ் இல்ல. இந்த ரெண்டையும் குழப்பிக்காதவங்களை நான் பாத்ததே இல்ல. செட்ங்கிறது வெறும் லேபிள் ஒட்டுறது, உள்ள இருக்கிற நம்பர் மாறாது. 78 டிகிரின்னு இருக்கிறதை 78 மீட்டர்னு லேபிள் மாத்தி ஒட்டிட்டா மொத்த தமிழ்நாடும் ஒரு சின்ன ரூம் அளவுக்கு சுருங்கி எங்கயோ போய் உக்காந்துடும், மேல ஆஸ்பத்திரி புள்ளி ஏதாவது போட்டீங்கன்னா புள்ளி ஒரு மூலையிலயும் மேப் ஒரு மூலையிலயும் நிக்கும். பிஆர்ஜே ஃபைல் தொலைஞ்சு சிஆர்எஸ் காலியா இருந்தா மட்டும், அதுவும் என்ன முறைன்னு நிச்சயமா தெரிஞ்சா மட்டும் செட் போடுங்க.

எல்லைக் கோடு ஒண்ணை ஒண்ணு வெட்டுதுன்னு எரர் வந்தா எஸ்டி மேக் வேலிட் ஒரு தடவை ஓட்டுங்க, பெரும்பாலும் சரியாயிடும்.

ஃபைல் ரொம்ப கனமா இருந்து ஒவ்வொரு தடவையும் வரைய அரை நிமிஷம் எடுத்தா கோட்டை எளிமையாக்கிக்கலாம். இதுக்கு எஸ்டி சிம்ப்ளிஃபை வேண்டாம், அது ஒவ்வொரு மாவட்டத்தையும் தனித்தனியா குறைக்கும், அதனால பக்கத்து பக்கத்து மாவட்டத்துக்கு நடுவுல சின்னச் சின்ன வெள்ளை விரிசல் விழும். ஆர்மேப்ஷேப்பர்ல இருக்கிற எம்எஸ் சிம்ப்ளிஃபை ரெண்டு மாவட்டத்துக்கும் பொதுவான கோட்டை ஒரே கோடா எடுத்துக்கிட்டு குறைக்கும், விரிசல் வராது.

4. டேபிளை மாவட்டத்துக்கு ஒரு வரின்னு கொண்டு வாங்க

கணக்கெடுப்பு துறையோட பிரைமரி சென்சஸ் அப்ஸ்ட்ராக்ட் எக்செல்ல திறந்தா மாவட்டத்துக்கு ஒரு வரி இருக்காது. டோட்டல், ரூரல், அர்பன்னு மூணு வரி இருக்கும். லெவல்னு இன்னொரு காலத்துல மாநிலம், மாவட்டம், தாலுகா எல்லாம் கலந்து கிடக்கும். லெவல்ல மாவட்டம் மட்டும், டிஆர்யூ காலத்துல டோட்டல் மட்டும்னு ஃபில்டர் பண்ணிட்டு, வரியை எண்ணுங்க. 32.

இதை விட்டா என்ன ஆகும்னு விளக்கமா சொல்றேன், ஏன்னா இந்தத் தப்பை நானே ஒரு ரிப்போர்ட்ல பண்ணி, பிரிண்டுக்கு போற முந்தின நாள் ராத்திரி கண்டுபிடிச்சேன். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மூணு வரி இருக்கிறதால ஒட்டினதும் 32 வரி 96 ஆகும். ஜிஜிபிளாட் எதுவும் கேக்காது. மூணையும் ஒண்ணு மேல ஒண்ணு வரையும், கடைசியா வர்ற அர்பன் வரி மேல நிக்கும். கண்ணுக்கு முழு மேப் தெரியுது, லெஜண்ட் (எந்த கலர் எந்த எண்ணுன்னு சொல்ற பெட்டி) இருக்கு, எல்லா மாவட்டத்துக்கும் கலர் இருக்கு. ஆனா நீங்க பாக்கிறது நகரத்துல இருக்கிறவங்களோட எழுத்தறிவு மட்டும். தர்மபுரி மாதிரி கிராமம் நிறைஞ்ச மாவட்டம் இருக்க வேண்டிய இடத்தை விட மேல போய் நிக்கும். எனக்கு சந்தேகம் வந்ததே தர்மபுரி வெளிறின கலர்ல இல்லையேன்னு தோணினதால தான். அந்த ஊரைப் பத்தி ஒண்ணும் தெரியாத மாநிலமா இருந்திருந்தா அப்படியே அச்சுக்கு போயிருக்கும்.

5. எண்ணிக்கையை விகிதமா மாத்துங்க

எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க எண்ணிக்கையை அப்படியே கலர் அடிச்சா அது மக்கள்தொகை மேப்பா தான் வரும், ஆளு அதிகமா இருக்கிற மாவட்டம் எந்த விஷயத்தை எண்ணினாலும் அதிகமா தான் காட்டும். மாவட்டத்துக்கு கலர் நிரப்புற மேப்னா விகிதம், சதவீதம், அடர்த்தி இதெல்லாம் தான் போடணும். எண்ணிக்கையே காட்டணும்னா வட்டம் போடுங்க, எண்ணிக்கைக்கு தகுந்த மாதிரி பெருசு சின்னதா.

எழுத்தறிவு விகிதத்துல கீழ போடுற எண் மொத்த மக்கள்தொகை இல்ல, 7 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்க மட்டும். டேபிள்ல டாட் பி மொத்தம், பி 06 ஆறு வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்க, பி லிட் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க. டாட் பி-ல இருந்து பி 06-ஐ கழிச்சு, அதால பி லிட்டை வகுத்து, நூறால பெருக்குங்க.

சரியா வந்திருக்கான்னு பாக்க மாநிலத்துக்கு ஒரு தடவை போட்டு பாருங்க. மொத்தம் 7,21,47,030, ஆறு வயசு வரைக்கும் 74,23,832, எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க 5,18,37,507. விடை 80.09 வரணும். 71.85 வந்தா குழந்தைங்களை கழிக்காம விட்டுட்டீங்க. மாவட்டத்துல கன்னியாகுமரி 91.75 மேல நிக்கணும், தர்மபுரி 68.54 கீழ நிக்கணும்.

மாநிலத்தோட விகிதத்துக்கு 32 மாவட்ட விகிதத்தையும் கூட்டி 32-ஆல வகுக்காதீங்க. ஏழு லட்சம் பேரு இருக்கிற நீலகிரிக்கும் 46 லட்சம் பேரு இருக்கிற சென்னைக்கும் ஒரே எடை கொடுத்த மாதிரி ஆயிடும். ரெண்டாவது ஸ்டெப்ல சொன்ன மாதிரி மாவட்டங்களை சேக்கிறப்பயும் இதே தான், மேல இருக்கிற எண்ணையும் கீழ இருக்கிற எண்ணையும் தனித்தனியா கூட்டிட்டு கடைசியில வகுக்கணும்.

6. ஒட்டுறது

பேரை வெச்சு ஒட்டாதீங்க, கோட் நம்பரை வெச்சு ஒட்டுங்க. 2011-ல தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு 602-ல இருந்து 633 வரைக்கும் நம்பர் உண்டு, திருவள்ளூர் 602, திருப்பூர் 633. எல்லை ஃபைல்லயும் அந்த காலம் இருந்தா வேலை சுலபம். ஒரு பக்கம் நம்பராவும் இன்னொரு பக்கம் எழுத்தாவும் இருந்தா ஜாயின் எரர் கொடுக்கும், ரெண்டையும் எழுத்தா மாத்திக்கங்க. தாலுகா கோட்ல முன்னாடி சைபர் வரும், எக்செல் அதை முழுங்கிடும், அதனால அங்க எழுத்தா வெச்சே ஆகணும்.

கோட் இல்ல, பேரு மட்டும் தான் இருக்குன்னா, நம்ம ஊரு பேரை இங்கிலீஷ்ல எழுதுற அழகு தெரியுமே. கணக்கெடுப்புல தூத்துக்குடிக்கு கே ரெண்டு, எல்லை ஃபைல்ல ஒண்ணு, இல்லாட்டி பழைய டூட்டிகோரினே இருக்கும். காஞ்சிபுரத்துக்கு நடுவுல ஈ ரெண்டா, ஐ ஒண்ணா. விழுப்புரத்துக்கு எல் ஒண்ணா ரெண்டா, பி ஒண்ணா ரெண்டா. நீலகிரிக்கு முன்னாடி ஒரு 'தி' உண்டு. கண்ணுக்கே தெரியாத ஒண்ணு, பேருக்கு பின்னாடி ஒட்டிக்கிட்டு இருக்கிற ஸ்பேஸ், ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், ஆனா ஒட்டாது. முதல்ல எல்லாத்தையும் சின்ன எழுத்தா மாத்தி, ஸ்பேஸை டிரிம் பண்ணிட்டு, ஆன்டி ஜாயின் போடுங்க. எது ஒட்டலையோ அதை மட்டும் பட்டியலா கொடுக்கும். அதை ஒவ்வொண்ணா கையால திருத்துங்க. எழுத்து ஒத்துமை பாத்து தானா ஒட்டுற பேக்கேஜ் இருக்கு, திருவள்ளூரையும் திருவாரூரையும் அது குழப்பிடும், 32 பேருக்கு அந்த ரிஸ்க் வேண்டாம்.

ஆன்டி ஜாயினை ரெண்டு பக்கமும் போடுங்க. எல்லையில இருந்து டேட்டாவுக்கு ஒரு தடவை, டேட்டாவுல இருந்து எல்லைக்கு ஒரு தடவை. ரெண்டுலயும் வரி சைபர் வந்த பிறகு தான் லெஃப்ட் ஜாயின், அதாவது நிஜமா ஒட்டுற கமாண்ட்.

லெஃப்ட் ஜாயின்ல எல்லை முதல்ல வரணும், டேட்டா ரெண்டாவது. மாத்திப் போட்டா கிடைக்கிறது வெறும் டேபிள், மேப்ங்கிற அடையாளம் போயிடும், ஜியோம் எஸ்எஃப் உருவம் எங்கன்னு கேட்டு நிக்கும். அப்படி ஆயிட்டா எஸ்டி ஆஸ் எஸ்எஃப் போட்டு மீட்டுக்கலாம்.

ஒட்டின பிறகு திரும்ப எண்ணுங்க. 32 வரி, விகித காலத்துல காலி சைபர். இந்த ரெண்டு நம்பரும் சரியா இருந்தா தான் கலர் பக்கம் போங்க.

7. முதல் மேப்

ஜிஜிபிளாட்டுக்குள்ள ஒட்டின டேபிள், ஜியோம் எஸ்எஃப்ல ஏஸ்-க்குள்ள (எந்த காலம் எதைக் காட்டணும்னு சொல்ற இடம்) ஃபில் சமம் விகிதம், ஏஸ்-க்கு வெளிய கோட்டு கலர் வெள்ளை, லைன்விட்த் 0.2, கடைசியில தீம் வாய்ட். அவ்வளவு தான்.

மூணு இடத்துல தடுக்கும். ஃபில்-க்கு பதிலா கலர்னு அடிச்சா மாவட்டத்தோட கோடு மட்டும் கலர் ஆகும், உள்ள சாம்பலாவே இருக்கும். விகிதத்தை ஏஸ்-க்கு வெளிய எழுதினா அப்படி ஒரு பொருளே இல்லைன்னு எரர் வரும். கூட்டல் குறி வரியோட கடைசியில வரணும், அடுத்த வரி ஆரம்பத்துல வெச்சா முதல் வரியோடயே முடிஞ்சுதுன்னு ஆர் நினைச்சுக்கும், காலி சதுரம் ஒண்ணு வரும். பழைய ஸ்கிரிப்ட்ல லைன்விட்த்-க்கு பதிலா சைஸ்னு இருக்கும், 3.4-க்கு அப்புறம் மாறிடுச்சு.

8. வகுப்பும் கலரும்

தொடர்ச்சியா மாறுற கலர் ஸ்கேல் பாக்க நல்லாயிருக்கும், ஆனா மேப்ல இருக்கிற ஒரு கலரை லெஜண்ட்ல தேடி 78-ஆ 82-ஆன்னு யாராலயும் சொல்ல முடியாது. அஞ்சு ஆறு வகுப்பா பிரிச்சா படிக்கிறவங்களுக்கு சுலபம். நம்ம டேட்டா 68-ல இருந்து 92-க்குள்ள இருக்கு, அதனால 65, 70, 75, 80, 85, 90, 95-ன்னு முழு எண்ல வெட்டுங்க. கட் ஃபங்ஷன்ல இதை கொடுத்தா போதும்.

வெட்டு 70-ல ஆரம்பிச்சா தர்மபுரி எந்த வகுப்புலயும் விழாது, காலியாகி சாம்பல் கலர் ஆயிடும். அந்த மாவட்டத்துக்கு டேட்டாவே இல்லைன்னு படிக்கிறவங்க நினைப்பாங்க, மாநிலத்துலயே கவனிக்க வேண்டிய மாவட்டம் அது தான், அதுவே மறைஞ்சு போயிடும். கட் போட்ட பிறகும் காலி எத்தனைன்னு ஒரு தடவை எண்ணுங்க.

குவான்டைல்ல, அதாவது ஒவ்வொரு வகுப்புலயும் ஒரே எண்ணிக்கையில மாவட்டம் வர்ற மாதிரி, சமமா பிரிக்கிறது நிறைய பேருக்கு பிடிக்கும், ஏன்னா மேப் பூரா கலர் சீரா பரவியிருக்கும். 32 மாவட்டத்தை எட்டு எட்டா பிரிக்கிறப்ப எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் அரை சதவீதம் கூட வித்தியாசம் இல்லாம இருக்கலாம், ஆனா கலர் மாறிடும். எனக்கு முழு எண்ல வெட்டுறது தான் சரின்னு படுது, மேப்பை பாத்து ஒருத்தர் எம்பதுக்கு கீழ எந்தெந்த மாவட்டம்னு கேட்டா விரல் வெச்சு காட்ட முடியணும்.

மக்கள் அடர்த்தி போடுறவங்களுக்கு வேற சிக்கல். சென்னை சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேரு. அதுக்கு அடுத்த இடம் கன்னியாகுமரி, 1,111 தான். தொடர் ஸ்கேல்ல போட்டா சென்னை ஒரு புள்ளி பளிச்சுனு இருக்கும், மீதி 31 மாவட்டமும் ஒரே கலர். 300, 400, 500, 700, 1000-ன்னு வெட்டி, முன்னூறுக்கு கீழன்னு முதல் வகுப்பையும் ஆயிரத்துக்கு மேலன்னு கடைசி வகுப்பையும் திறந்து விடுங்க. சென்னை உருவமும் ரொம்ப சின்னது, மூலையில தனியா பெருசு பண்ணி காட்டினா நல்லது, பேட்ச்வொர்க் பேக்கேஜ்ல அதுக்கு வழி இருக்கு.

கலருக்கு விரிடிஸ்ங்கிற கலர் வரிசையை எடுத்துக்கங்க. கருப்பு வெள்ளையில ஜெராக்ஸ் எடுத்தாலும் வரிசை மாறாது, சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க முடியாதவங்களுக்கும் தெரியும். குறைவு வெளிறினதா, அதிகம் அடர்த்தியா இருக்கிற மாதிரி டைரக்‌ஷனை மாத்திக்கங்க, வெள்ளைத் தாள்ல எல்லாரும் அப்படித்தான் படிப்பாங்க.

நடுவுல ஒரு எண் இருந்து அதுக்கு மேலயும் கீழயும் காட்டணும்னா மட்டும் ரெண்டு பக்க கலர். ஆயிரம் ஆணுக்கு எத்தனை பெண்ங்கிற விகிதம் அப்படி, தர்மபுரி 946, நீலகிரி 1,042, நடுவுல 1000. ஸ்கேல் ஃபில் கிரேடியன்ட்2-ல மிட்பாயின்ட்டை 1000-ன்னு நீங்க தான் கொடுக்கணும். கொடுக்கலைன்னா அது சைபரை நடுவுன்னு எடுத்துக்கும், 946-ம் 1,042-ம் சைபர்ல இருந்து பாத்தா ரெண்டும் ஒரே தூரம் தான், மேப் பூரா ஒரே நீலம்.

9. தமிழ்ல பேரு எழுதுறது

ஜியோம் எஸ்எஃப் டெக்ஸ்ட் போட்டா பேரு வந்துடும். ஆனா ரெண்டு விஷயம் பாக்கணும்.

முதல்ல இடம். மாவட்டத்தோட நடுப்புள்ளியை சென்ட்ராய்டு வெச்சு எடுத்தீங்கன்னா நாகப்பட்டினம் ரெண்டு துண்டா இருக்கிறதால அந்த நடு மாவட்டத்துக்கு வெளிய போய் விழலாம். எஸ்டி பாயின்ட் ஆன் சர்ஃபேஸ் போட்டா புள்ளி கண்டிப்பா மாவட்டத்துக்குள்ளயே விழும். சென்னைக்கு மட்டும் பேரை கடல் பக்கம் தள்ளி வெச்சு ஒரு சின்ன கோடு இழுத்துடுங்க, உள்ள எழுதினா எதுவும் படிக்க முடியாது.

அடுத்தது எழுத்து. இங்க தான் தமிழ்ல போடுறவங்க மனசு விட்டுப் போயி இங்கிலீஷ்லயே எழுதிட்டு போயிடுறாங்க. சாதாரணமா பிடிஎஃப்-ஆ சேவ் பண்ணினா தமிழ் இருக்கிற இடத்துல புள்ளி புள்ளியா வரும், இல்ல கட்டம் கட்டமா வரும். ஷோடெக்ஸ்ட் பேக்கேஜ் போட்டா எழுத்து வரும், ஆனா தனித்தனி துண்டா. சென்னைல 'செ'-க்கு கொம்பு முன்னாடி வராம ச-க்கு பின்னாடி நிக்கும், கோயம்புத்தூர்ல கொம்பும் காலும் ரெண்டும் சேந்து ஒரு பக்கமா ஒதுங்கிடும். ஃபான்ட் தப்புன்னு நினைச்சு ஃபான்ட்டா மாத்திக்கிட்டே இருப்பாங்க. ஃபான்ட்ல தப்பு இல்ல, கொம்பையும் எழுத்தையும் சேத்து வடிவமாக்கிற வேலையை அந்த பேக்கேஜ் செய்யறதில்ல. ராக் பேக்கேஜ் அதை செய்யும். நோட்டோ சான்ஸ் தமிழை மெஷின்ல இன்ஸ்டால் பண்ணிட்டு, ஃபேமிலில அந்தப் பேரை கொடுத்து, சேவ் பண்றப்ப டிவைஸ்ல ராகோட ஏஜிஜி பிஎன்ஜி-ன்னு போடுங்க, சரியா வந்துடும். ஆர்ஸ்டூடியோ ஸ்கிரீன்லயும் சரியா தெரியணும்னா குளோபல் ஆப்ஷன்ஸ்ல கிராஃபிக்ஸ் பேக்எண்டை ஏஜிஜி-ன்னு மாத்துங்க.

10. சேவ் பண்றதும் கீழ எழுதுறதும்

எக்ஸ்போர்ட் பட்டனை தொடாதீங்க, ஜிஜிசேவ் போடுங்க. பட்டன்ல போற மேப் அன்னைக்கு உங்க ஜன்னல் எந்த சைஸ்ல இருந்துச்சோ அந்த சைஸ்ல போகும், அடுத்த தடவை அதே மேப் வராது. ஜிஜிசேவ்ல அகலம், உயரம், சென்டிமீட்டர்ல, டிபிஐ 300-ன்னு கொடுத்துடுங்க. தமிழ்நாடு அகலத்தை விட உயரம் அதிகம், 16-க்கு 20 வெச்சா ஓரத்துல வீண் இடம் வராது.

பேரோட எழுத்து சைஸை ஸ்கிரீன்ல பாத்து முடிவு பண்ணாதீங்க, சேவ் ஆன ஃபைலை திறந்து பாத்து மாத்துங்க. ஜியோம்ல கொடுக்கிற சைஸ் மில்லிமீட்டர், தீம்ல கொடுக்கிறது பாயின்ட், அதனால ரெண்டுலயும் 10 போட்டா மாவட்டப் பேரு தலைப்பை விட ரெண்டரை மடங்குக்கு மேல பெருசா நிக்கும். ஜியோம்ல 2.5, 3 அளவு போதும்.

மேப்புக்கு கீழ கேப்ஷன்ல மூணு விஷயம் கட்டாயம் எழுதுங்க: டேட்டா 2011 கணக்கெடுப்பு, எல்லை 2011-ல இருந்த 32 மாவட்டம், விகிதம் 7 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்கு. தென்காசிக்காரர் ஒருத்தர் இந்த மேப்பை பாத்தா முதல்ல தேடுறது அவங்க மாவட்டத்தை தான், அது ஏன் இல்லைன்னு அந்த வரியில இருக்கணும்.

வாட்ஸப்ல அனுப்புறப்ப போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க. போட்டோவா போனா அது அமுக்கிடும், நீலகிரியும் அரியலூரும் படிக்க முடியாம கரைஞ்சு போயிடும்.